முருகேசனுக்கு வாய்க்கரிசி

ஜெனிதா, பிரபு. குண்டு விழுகிறது. அப்பா ஓடுகிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காஷ்மீர் எல்லை. காலை நேரம். மலைக்கு அந்தப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். டிபன் பாக்ஸ் மூடி திறப்பது போல, அவ்வளவு சின்னது. பிறகு விசில். பிறகு தரையே எழும்பும்.

"படுடா! படு!"

கத்துவது முருகேசன். ஓரிக்கைக்காரன். நான் பக்கத்து ஊர், கூரத்துக்காரன். ஒரே நாளில் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறிப் பட்டாளத்துக்குப் போனவர்கள். நான் படுத்துவிட்டேன். அவன் படுக்கவில்லை. பதுங்குகுழி வாசலில் நின்று, பின்னால் ஓடி வந்த சமையல்காரர் பாஸ்கரனைக் கைநீட்டி இழுக்கிறான்.

அடுத்தது அங்கேயே விழுந்தது.

எழுந்தபோது வலது காதில் ஒன்றும் கேட்கவில்லை. இடது காதில் விசில் நிற்கவில்லை. வாயெல்லாம் மண். பாஸ்கரனுக்கு மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கண் திறந்திருந்தது. முருகேசனைத் தேடினேன். ஒரு கை கிடைத்தது. மணிக்கட்டில் சிவப்புப் பட்டு இழை. நூல் சுற்றும் கூலிக்குப் போகிற அவன் அம்மா, லீவு முடிந்து கிளம்பும்போது கட்டிவிட்டது. அதை வைத்துத்தான் அடையாளம். மீதியைக் கம்பளியில் சேர்த்தேன். தலை கிடைக்கவில்லை. குண்டு நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால், அந்த மலையையே கொளுத்து என்றிருப்பேன். இதை மறைக்க மாட்டேன். அந்தப் பக்கத்துக்காரர்களில் பத்துப் பேர் தலை வேண்டும் என்று நானே கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

பெட்டியோடு ஊருக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். 'திறக்க வேண்டாம்' என்று உத்தரவு.

ஓரிக்கையில் தெரு கொள்ளாத கூட்டம். பறை. கோஷம். செல்போன்கள். பெட்டியைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். கொடியை மடித்து முருகேசனின் அம்மா கையில் கொடுத்தோம். அவர் அதைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, முறத்திலிருந்து அரிசியை அள்ளினார்.

"மூடியத் தொறப்பா. வாய்க்கரிசி போடணும்."

நான் பெட்டிமேல் கை வைத்து நின்றேன். "ஆர்டர் இல்லமா."

"பெத்தவளுக்கு எவன்டா ஆர்டர் போடறது? பசியோட போவானா எம்புள்ள?"

கூட்டத்தில் ஒருவர், வெள்ளைச் சட்டை, முன்னால் வந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அழாதம்மா. ஒரு தலைக்குப் பத்துத் தலை எடுப்போம். நாடே உன் பின்னாடி நிக்குது."

"பத்துத் தலைய வச்சிக்கினு நான் இன்னாத்தப் பண்றது?" என்றார் அந்த அம்மா. "எம்புள்ள வாயக் காட்டு. அது போதும்."

கோஷம் நின்றது. பறையும் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

"நீ கூட இருந்தவன்தான? சொல்லு. வாய் இருக்குதா?"

உத்தரவு இருந்தது. ஆனால் கையில் அரிசியோடு நிற்கிறவரிடம் என்ன உத்தரவைச் சொல்வது?

"இல்லமா."

அவர் குனிந்து பெட்டியின் தலைப்பக்கம் எது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். எனக்கே தெரியாது, குத்துமதிப்பாகக் காட்டினேன். அந்த மரத்தின்மேல் அரிசியைப் போட்டார். பளபளப்பான மூடி. அரிசி நிற்கவில்லை, சரிந்து மணலில் விழுந்தது. மறுபடி அள்ளிப் போட்டார். மறுபடி சரிந்தது. கடைசியில் நான் இரண்டு கையையும் மூடிமேல் அணை மாதிரி வைத்துக்கொண்டேன். என் கைகளுக்கு நடுவில் போட்டார்.

போன வாரம் நம் தெருவில் சண்டை வேண்டும் என்று ஊர்வலம் போனது. "மிலிட்டரிக்காரர் நீங்கதான் சார் முன்னாடி நடக்கணும்" என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. "ஏம்பா போகல? பசங்க உன்ன பயந்தாங்கொள்ளின்றாங்க" என்று கேட்டாய், பிரபு. முகம் வாடிக் கேட்டாய். அதற்குத்தான் இத்தனையும்.

எல்லையில் ஆள் நிற்கத்தான் வேண்டும். மறுபடி கூப்பிட்டால் ஒற்றைக் காதோடு போவேன். ஆனால் கைதட்டிச் சண்டையைக் கூப்பிட மாட்டேன். இந்தக் கைகள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும்.

போனவர்கள், போனவை: முருகேசன், இருபத்தாறு வயது. பாஸ்கரன், இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. குண்டு விழுந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரு வயர்லெஸ்காரர், பெயர் கேட்பதற்குள் போய்விட்டார். என் வலது காது. அந்த அம்மாவின் பேச்சு. அன்றைக்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. அந்தப் பக்கம் எத்தனை என்று தெரியாது. அங்கேயும் ஒருவன் கம்பளியோடு குனிந்திருப்பான்.

வாய்க்கரிசி போட்ட மறுநாள் காலை நான் மட்டும் ஓரிக்கை பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். முருகேசனுக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த படம். கீழே பெரிய சிவப்பு எழுத்தில் 'பழிக்குப் பழி'. அந்த எழுத்துகளை மட்டும் பின்பக்கமாக மடித்து, கயிற்றால் இழுத்துக் கட்டினேன். மேலே அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.