வேலைக் கார்டு வரும்வரை

டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்குப் பிடித்த மாதிரிதான். வீட்டில் பாவாத்தாளுக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு நானும் வெறும் டீக்கு மாறியிருந்தேன். பெண்டாட்டி ஆசையாய்ப் பார்க்க, நான் மட்டும் இனிப்பாகக் குடிப்பது நியாயமில்லையே.

என் பெயர் காளிச்சாமி. அவிநாசிக்கும் கோயமுத்தூருக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். செக்கிங்குக்கு ஏறுகிறவர்கள் என் பையைத் திறக்காமலே இறங்கிப் போவார்கள். கை சுத்தம், வாய் சுத்தம். பெருமைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனையும் நடந்தது.

அப்பனும் ஆத்தாளும் காரமடைப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். அந்த வம்சத்திலிருந்து என் ஒரே மகள் இளவேனில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனபோது ஊரே மெச்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். போன வருசம், தொண்ணூற்றேழில், பட்டம் வாங்கினாள். இனி வந்துவிடுவாள் என்று அவள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஐ.எஸ்.டி. பூத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் அவள் வேறு சொன்னாள்.

"படிச்சு முடிச்சவங்க இங்கயே ஒரு வருசம் வேலை பார்க்கலாமுங்கப்பா. அனுமதி கேட்டு எழுதிப்போட்டிருக்கறேன். அந்த அனுமதிக் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் வெளிய கிளம்பக் கூடாதுங்க. கிளம்புனா திரும்ப விடமாட்டாங்கன்னு காலேஜ்ல சொல்லிப்போட்டாங்க."

"அப்பறம் எப்ப கண்ணு வருவே?"

"ஒரு வருசந்தானுங்க. அம்மாளுக்கு ஒண்ணுன்னா மட்டும் சொல்லுங்க, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்தர்றேன்."

ஒரு வருசம் என்று போனவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருத் திருமூர்த்தியின் மகனுக்கும் முதலில் வந்தது அந்தக் கார்டுதான். பிறகு வேலை, பிறகு அங்கேயே கல்யாணம், வீடு. திருமூர்த்திக்குக் கொள்ளி வைத்தது தம்பி மகன். எனக்கு அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

மறுநாளும் பூத்துக்குப் போனேன். அம்மாளுக்கு முடியவில்லை என்று சொல்லிவிடத்தான் போனேன். அவள் குரலைக் கேட்டதும் நாக்கு எழவில்லை. பாவாத்தாள் வீட்டில் குத்துக்கல்லு மாதிரி நின்று தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள், எப்படிச் சொல்வது? சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பொய் வராதவனுக்கு ஒரே வழிதான் உண்டு. சொல்லப்போவதை மெய்யாக்க வேண்டும்.

பாவாத்தாளுக்குத் தினமும் சர்க்கரை ஊசி போடுவது நான்தான். மருந்தைத் தொடுவதை நிறுத்தினேன். ஊசியில் தண்ணீரை ஏற்றினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான், ஐயா. போட்ட இடத்தில் சீழ் வைத்துவிடக் கூடாதே. கொஞ்சம் துவண்டால் போதும், மகள் வந்ததும் பழையபடி தேற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, ஊசி போட்டும் நாக்கு வறளுதுங்க," என்றாள். எழுந்திருக்க முடியாமல் ஆனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்குச் சொல்லிப்போடாதீங்க. கார்டு வர்ற நேரம். ஓடியாந்துரும்."

வாழ்ந்த காலத்தில் அவள் என்னிடம் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டாள். ஆனாலும் பூத்துக்குப் போனேன். இந்த முறை சொல்ல முடிந்தது.

அதற்குப் பிறகாவது மருந்து போட்டாயா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. மகள் வரும்போது பாவாத்தாள் எழுந்து உட்கார்ந்திருந்தால் நான் சொன்னது பொய்யாகிவிடும். நினைவு தப்பியதும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். கைமீறிவிட்டது என்றார்கள்.

இளவேனில் பெட்டியோடு நேரே அங்கே வந்தாள். அவள் கூப்பிட்டதும் பாவாத்தாள் கண்ணைத் திறந்தாள்.

"ஏஞ்சாமி வந்தே? கார்டு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கம்மா. வாங்கிட்டுத்தான் வந்தேன்."

என் மகள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாவாத்தாள் முகம் மலர்ந்தது. அன்று சாயங்காலமே போய்விட்டாள். நான் அழுத அழுகையை அந்த வார்டே பார்த்தது. கேட்டுப் பாருங்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இளவேனில் ஃபிரிட்ஜைத் துடைத்தாள். திறக்காத மருந்துச் சீசாக்களைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மாளுக்கு என்னத்தைப் போட்டீங்கப்பா?"

கேட்டாள், சொன்னேன். அதற்கப்புறம் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. நான் ஆக்கிய சோற்றைத் தொடுவதுமில்லை. இனி அமெரிக்காவில் விடமாட்டார்கள், ஆஸ்திரேலியாவுக்கு வேலை கேட்டு எழுதிப்போடப் போவதாகப் பக்கத்து வீட்டு மிஸ்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தமே இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். பாவாத்தாளைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இந்தக் கேஸுக்கு இளவேனில்தானே முக்கியச் சாட்சி? கோர்ட்டில் வருசக்கணக்கில் இழுக்கும் என்கிறார்களே, அது முடிகிறவரைக்கும் என் பிள்ளை ஊரை விட்டுப் போக முடியாதல்லவா?