மறுஉறுதிக்கு அடுத்த பக்கம்

யாராவது வழி தெரியாமல் நின்றால் எனக்கு மனசு தாங்காது. பஸ் நிறுத்தத்தில் ஒருவர் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தால், என் பஸ்ஸை விட்டுவிட்டு அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வருவேன். என்னைப் பற்றி விசாரிக்கும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள் மேடம்.

எங்கள் துறையின் வேலை எளிமையானது. நுரையீரல் பழுதாகி வீட்டோடு கிடப்பவர்களுக்கு மூச்சுக் கருவி கொடுப்பது. டாக்டர் எழுதிக் கொடுப்பார், குடும்பத்தார் எங்கள் இணையதளத்தில் விண்ணப்பிப்பார்கள், கருவி வீடு தேடிப் போகும். அந்தத் தளத்தைக் கட்டிக் காப்பவன் நான்.

நான் பொறுப்புக்கு வந்தபோது அது கந்தரகோலமாகக் கிடந்தது. உள்ளே நுழைந்தவர்களுக்கு எங்கே இருக்கிறோம், எப்படித் திரும்புவது என்றே புரியாது. தொலைபேசி அறையில் மணி ஓயாது. அங்கே இருந்த பெண்மணியை ஆபீசே ‘ஹலோ மேடம்’ என்றுதான் கூப்பிடும். வீட்டில் கணவர் கூப்பிட்டால்கூட அவர் ‘ஹலோ’ என்றுதான் திரும்புவாராம். ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்தார்.

“சார், கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குன்னு ஜனங்க அழுறாங்க. ஏதாவது பண்ணுங்க.”

பண்ணினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு சின்ன வரி. முகப்பு › நோயாளிகள் › வீட்டு உதவி › மூச்சுக் கருவி › விண்ணப்பம். வந்த வழி முழுக்க அதில் தெரியும். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். கணினிக்காரர்கள் இதை பிரெட்கிரம்ப் என்பார்கள். ரொட்டித் துணுக்காம். நாங்கள் தடவரி என்று வைத்துக்கொண்டோம். இடையில் வரும் அம்புக்குறி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும். தடவரி ஏறியதும் தொலைபேசி அடங்கியது. ஹலோ மேடம் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தளம் முன்னைவிட வேகமாகிவிடவில்லை. கருவியும் முன்னைவிடச் சீக்கிரம் போய்ச் சேரவில்லை. ஆனாலும் சத்தம் நின்றுவிட்டது. போய்க்கொண்டே இருக்கிறோம் என்று தெரிந்தால் மனிதனுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடுகிறது.

பிறகு கருவி வரத்து நின்றது. கிடங்கு காலி. இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். சிறந்த சேவைத் தளத்துக்கான விருதுக்கு எங்கள் துறை போட்டியில் இருந்த நேரம்.

“காத்திருக்கறவங்கன்னு ஒருத்தர்கூட நம்ம கணக்குல இருக்கக் கூடாது. அதுக்காக விண்ணப்பத்த மூடவும் முடியாது, மூடினா பேப்பர்ல கிழிச்சுடுவான். என்னய்யா பண்ணலாம்?”

“மூட வேணாம் சார். வழிய கொஞ்சம் நீட்டிடலாம்.”

விண்ணப்பம் வந்து சேர்ந்தால்தானே அதற்குப் பெயர் காத்திருப்பு. தகுதி, தகுதி உறுதி, மறுஉறுதி, உறுதிச் சரிபார்ப்பு என்று புதிய பக்கங்களைச் சேர்த்தேன். சரிபார்ப்பில் ‘தொடர்க’ என்பதை அழுத்தினால் மறுபடி தகுதிப் பக்கமே வரும். தலைப்பில் ஒரு சொல்லும் பின்னணி நிறமும் மட்டும் மாறியிருக்கும். தடவரி பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை மேடம். அவரவர் வந்த வழியைத்தான் அது காட்டியது.

இயக்குநர் தானே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போய்ப் பார்த்தார். காப்பி ஆறிப்போகும் வரை போனார். “நல்லாத்தான் இருக்கு. ஏதோ நடக்கற மாதிரியே இருக்கு” என்றார்.

பக்கத்தின் அடியில் ஒரு கேள்வியும் வைத்திருந்தேன்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெளிவாகத் தெரிகிறதா? அநேகமாக எல்லோருமே ‘ஆம்’ என்றார்கள்.

என் அத்தானுக்கு டாக்டர் கருவி எழுதிக் கொடுத்தது அந்தச் சமயத்தில்தான். அத்தான் கார்களுக்கு வர்ணம் பீய்ச்சி அடிப்பவர். முகமூடி போட்டால் நிறம் சரியாகத் தெரியாது என்று வாழ்நாளெல்லாம் போடாமலே இருந்துவிட்டார். என் கல்யாணத்தின்போது என் வீட்டுச் சுவர் முழுக்க அவரே அடித்துக் கொடுத்தார். இன்றைக்கும் எங்கும் உரியவில்லை.

அக்கா போன் செய்தாள். “தம்பி, உன் பக்கம் அவ்வளவு அழகா இருக்குடா. எங்க இருக்கேன்னு பளிச்சுனு தெரியுது. இப்ப மறுஉறுதியில இருக்கேன்.”

“சரியாத்தான் போறக்கா. விடாம போ.”

“அத்தானால பேசவே முடியல. ரெண்டு வார்த்த பேசினா மூச்சு வாங்குது. சீக்கிரம் வந்துடுமில்லடா?”

“அதான் நகருதேக்கா” என்றேன்.

கூடப் பிறந்தவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொந்தக்காரருக்கு ஒரு வழி, ஊராருக்கு ஒரு வழி என்று வைத்தால் அதற்குப் பெயர் என்ன? அந்த மாதிரி ஆள் நான் இல்லை.

கருவிகள் வந்து இறங்கின. ஹலோ மேடம்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார். “சார், கிடங்கு நிறைய கருவி. யாருக்கு அனுப்பறதுன்னு கேக்கறாங்க, ஒரு விண்ணப்பம்கூட வரலையாம். நானே உள்ள போய்ப் பாத்தேன். சுத்திச் சுத்தி அதே எடத்துக்குல்ல வருது? அத எடுத்துடுங்க சார்.”

எடுப்பது பெரிய வேலை இல்லை. உட்கார்ந்த இடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் விருதுக் குழு அந்த வாரம் தளத்தைப் பார்வையிடுவதாக இருந்தது. சுற்றை எடுத்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். தளம் படுத்துவிடும். காத்திருப்போர் என்று ஒரு கூட்டமே முளைக்கும்.

“குழு வந்துட்டுப் போகட்டும் மேடம்.”

“ஜனங்க மூச்சு சார் அது” என்றார். நகரவும் இல்லை.

அவருக்கு வேலைப் பளு அதிகம் என்று இயக்குநரிடம் எடுத்துச் சொல்லி, கட்டடத்தின் மறுகோடியில் அமைதியான ஓர் அறை வாங்கிக் கொடுத்தேன். அங்கே தொலைபேசி கிடையாது.

விருது கிடைத்தது. கண்ணாடியில் செய்த அம்பு. மேடையில் நன்றாகவே பேசினேன் என்றார்கள். கைதட்டல் ஓய்ந்து உட்கார்ந்தபோது, போனில் அக்காவின் அழைப்புகள் வரிசையாக நின்றன.

நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அத்தான் சாய்வு நாற்காலியிலேயே போய்விட்டிருந்தார். மடியில் போன். அக்கா குளிக்கப் போன நேரத்தில், விட்ட இடத்திலிருந்து அவரே தொடர்ந்திருக்கிறார். திரையைப் பார்த்தேன். தடவரி மடிந்து மடிந்து பாதித் திரைக்கு இறங்கியிருந்தது. சின்னத் திரையில் அது அழகாக இல்லை. திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரைப் போல இன்னும் பலர் என்கிறீர்கள். இருக்கும். நான் எதையும் மறுக்கவில்லை. சுற்றைக் கட்டியவன் நான். கருவி வந்த பிறகும் அதை விட்டு வைத்தவன் நான். இயக்குநர் கேட்டது யோசனைதான், கட்டளை இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து வீடு அடங்கிய ஒரு மத்தியானம், அக்கா என் எதிரில் உட்கார்ந்து அதே தளத்தைத் திறந்தாள். ‘நோயாளி இறந்துவிட்டார்’ என்ற பொத்தானை அழுத்தினாள். உடனே பச்சை நிறத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது.

“இது மட்டும் ஒரே தட்டுல முடிஞ்சிடுச்சுடா தம்பி” என்றாள்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் இருப்பவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்துக்கு நான் தனிக் கவனம் எடுத்திருந்தேன். அதை அவள் கவனித்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்களிடம் புகார் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். இருக்காது மேடம். என் தளத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு குறைகூடச் சொன்னதில்லை.