மூன்று பெண்களைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்ற சகாயம்மாள் ஆசிரியைக்கு

எழுத்து வராத விரல்களை எழுத வைத்த ஏந்தலே! சொல் வராத உதடுகளுக்குத் தம் பெயரைச் சொல்லப் பழக்கிய தாயே! மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து, மணமாகி நெய்வேலி நகரியம் வந்து, முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் சிறப்புப் பள்ளியின் முதல் மணிக்கு முன்னே வந்து, கடைசி மணிக்குப் பின்னே சென்ற எங்கள் மூத்த ஆசிரியை திருமதி சகாயம்மாள் ஜெரால்டு அவர்களே! தங்கள் பணி நிறைவு நாளில் பணிந்து வணங்குகிறோம்.

தங்கள் பொறுமையையும் பரிவையும் பத்தி பத்தியாகப் புகழ்ந்துதான் இம்மடலை முதலில் எழுதினோம். முடித்துப் படித்துப் பார்த்தபோது எங்களுக்கே அது பாதி உண்மையாகப் பட்டது. ஆகவே, இந்த அவையில் அமர்ந்திருக்கும் பெற்றோரும், பள்ளிக்குப் புதிதாக வந்திருப்போரும் அறியும்படி, நடந்த ஒன்றை நடந்தபடியே சொல்லத் துணிந்தோம். சற்று நேரம் தங்களை டீச்சர் என்றே குறிப்பிட்டுப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

பதினெட்டு வயது முடிந்தால் எங்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகள் விலகிவிட வேண்டும். அது விதி. 2014ஆம் ஆண்டு மே மாதம் அப்படி விலகியவர்களில் ஒருத்தி அம்சவல்லி. கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அம்மா ராஜாம்பாள் வயல்வேலைக்குப் போகிறவர். விடைபெற வந்த அன்று ராஜாம்பாள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து இவள எங்கங்க அனுப்பறது? நான் வேலைக்குப் போய்கினு இருக்கேன். அவங்கப்பா ஷிஃப்ட்டுக்குப் பூடுவாரு. வூட்ட பூட்டிக்கினுதான் போவணும்."

மறுமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பேருந்து ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்சவல்லி நின்றிருந்தாள். பள்ளிச் சீருடையைப் போட்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் சிரித்தாள். "தங்கச்சி காலேஜி போயிருக்கா. நாளைக்கிக் காலையில சர்ட்டிபிகேட் குடுக்கணுமாம், இன்னிக்கே அப்பாகூடப் போயிட்டா," என்றவள், தயக்கமே இல்லாமல் கேட்டாள்: "நானு எப்ப டீச்சர் போறது?"

இருபத்தேழு ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளுக்குப் பொத்தான் போடவும், பல் துலக்கவும், பத்து வரை எண்ணவும் சொல்லிக்கொடுத்தவர் அவர். பதினெட்டு வயதில் அண்ணன் தங்கையெல்லாம் கல்லூரிக்குப் போகும்போது இவர்களும் ஏன் போகக்கூடாது என்று ஒருநாளும் தனக்குத் தோன்றவில்லையே என்பது அந்த ஜன்னலருகில்தான் அவருக்கு உறைத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் தன்மேலேயே கோபமாக வந்தது என்று பின்னர் எங்களிடம் சொன்னார்.

சென்னையில் நடந்த ஒரு பயிற்சியில், அறிவுத்திறன் குறைபாடுள்ள இளையோரைச் சில இடங்களில் கல்லூரிகளே சேர்த்துக்கொள்கின்றன என்று கேள்விப்பட்டார். பட்டத்துக்காக அல்ல. வயதொத்தவர்களோடு வகுப்பில் உட்கார, கைத்தொழில் பழக, தனியாகப் போய்வரக் கற்றுக்கொள்ள. அந்த ஒரு செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, விடுப்பு எடுத்து விடுப்பு எடுத்து, ஏழு கல்லூரிகளின் படியேறினார். "பிளஸ் டூ மார்க் ஷீட் இருக்கா?" என்று கேட்டார்கள் ஓரிடத்தில். "இது காலேஜுங்க, குழந்தைங்க காப்பகம் இல்ல," என்றார்கள் இன்னோரிடத்தில். "உங்க நல்ல மனசு புரியுது. மத்த பேரண்ட்ஸுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார் ஒரு முதல்வர்.

எட்டாவதாக, குறிஞ்சிப்பாடியைத் தாண்டி ஒரு மகளிர் கல்லூரி. அங்கே மனையியல் துறைத் தலைவி காந்திமதி அம்மையார் அவர் சொன்னதை முழுதாகக் கேட்டார். "மூணு பொண்ணுங்கள மட்டும் அனுப்புங்க. வாரத்துல மூணு நாள், காலை வேளை. ரெண்டு வருஷம் ஒழுங்கா வந்தா, நாங்களே ஒரு சான்றிதழ் குடுக்கிறோம். ஆனா உங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு டீச்சர் கூடவே இருக்கணும். இல்லன்னா மேனேஜ்மென்ட் ஒத்துக்காது," என்றார். 2015 ஜூலையில் அம்சவல்லியும் இன்னும் இரு பெண்களும் கல்லூரிக்குப் போனார்கள். கூடவே டீச்சர் போனார்.

அந்த ஓராண்டைப் பற்றி அவர் சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர் முகம் எப்படி மாறும் என்று. வருகைப் பதிவில் கடைசியாக அம்சவல்லியின் பெயர். "உள்ளேன் அம்மா!" என்று அவள் கத்திய கத்தலில் முதல்நாள் வகுப்பே சிரித்தது. மூன்றாம் வாரம், ஆசிரியை அவள் பெயரைத் தவறுதலாக விட்டுவிட்டபோது அதே வகுப்புதான் எழுந்து, "மேடம், அம்சா பேரு?" என்று கேட்டது. அளவுக் கோப்பையில் மாவு அளக்கக் கற்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று திரும்பிப் பார்க்கக் கற்றாள். பொங்கல் விடுமுறை முடிந்தபின், நெய்வேலி நிலையத்தில் இறங்கி, குறிஞ்சிப்பாடிப் பேருந்தை ஆள் துணையின்றி அடையாளம் கண்டு மாறி ஏறினாள். அன்று டீச்சர் மூன்று இருக்கை பின்னால் முக்காடிட்டு ஒளிந்து உட்கார்ந்து, குறிஞ்சிப்பாடி வரும்வரை அழுதுகொண்டே போனாராம்.

இனிச் சொல்வது எங்களைப் பற்றியது.

அவர் கல்லூரிக்குப் போன நாள்களில் அவருடைய வகுப்பை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதில் எங்களுக்கு மனக்குறை இருந்தது. அவர் காதுபடப் பேசவும் செய்தோம். 2016 ஜூனில், ஆசிரியர் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். கணவர் ஜெரால்டு அவர்களுக்கு உடல்நலம் சரியில்லாத நேரம் அது.

"மூணு நாள்ல ஒரே ஒரு நாளைக்கு யாராவது போனா போதும். மீதி ரெண்டு நாளு நான் பாத்துக்கிறேன்," என்றார்.

யாரும் நிமிரவில்லை. "எங்க கிளாஸ யாரு பாக்கறது டீச்சர்?" என்றார் ஒருவர். "டிகிரியா குடுக்கப்போறாங்க? போனா என்ன, போவலன்னா என்ன?" என்றார் இன்னொருவர். அப்படிச் சொன்னவரின் கையொப்பமும் இம்மடலின் அடியில் இருக்கிறது. அவர்தாம் இதை எழுதியவரும்.

ஆகஸ்டில் ஜெரால்டு அவர்களுக்கு ஒரு பக்கம் செயலிழந்தது. டீச்சர் ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தார். கிளம்புமுன் தலைமையாசிரியரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "காலேஜுக்கு மட்டும் யாரையாவது அனுப்பிடுங்க." நாங்கள் யாரும் போகவில்லை. கல்லூரியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. துணைக்கு ஆசிரியர் வராவிட்டால் தொடர இயலாது என்று முதல் கடிதம். நாளைக்குப் பதில் எழுதலாம் என்று அதை மேசைமேல் வைத்தோம். இரண்டாவது கடிதம் வந்தபோது முதலாவது அங்கேயே இருந்தது.

மற்ற இரு பெண்களும் வீட்டோடு நின்றுவிட்டார்கள். அம்சவல்லிக்குத்தான் தனியாகப் போகத் தெரியுமே! அவள் போனாள். துணை ஆசிரியர் இல்லாமல் உள்ளே விடக்கூடாது என்று வாயிற்காவலருக்கு உத்தரவு. இரண்டு நாள், மதியம்வரை வெளியிலேயே நின்றுவிட்டு வீடு திரும்பினாள். மூன்றாம் நாள் ராஜாம்பாள் அவளை அனுப்பவில்லை.

டீச்சர் பணிக்குத் திரும்பிய காலையில் அந்த இரண்டு கடிதங்களையும் நின்றபடியே படித்தார். எங்களில் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். "நான் கேட்ட விதம் சரியில்லையோ என்னமோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அந்த வாரமே கல்லூரிக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். நிர்வாகம் மறுத்துவிட்டது. அங்கிருந்து நேரே அம்சவல்லியின் வீட்டுக்குப் போனார், மன்னிப்புக் கேட்கத்தான். வாசலில் கண்டதும் அவள் ஓடிவந்து கேட்டாள்: "லீவு முடிஞ்சிடுச்சா டீச்சர்?" கேட்கப்போன மன்னிப்பை அவரால் கேட்க முடியவில்லை.

அம்சவல்லிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். கொட்டையின் பால் பட்டு விரல்களில் தோல் உரிந்திருக்கிறது.

சென்ற மாதம் நாங்கள் நால்வர் காந்திமதி அம்மையாரைப் போய்ப் பார்த்தோம். முறைவைத்து நாங்களே துணைக்கு வருகிறோம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். "ரெண்டு கடுதாசி போட்டோமே, ஒருத்தராவது பதில் போட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு, நிர்வாகத்திடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். இன்றுவரை பதில் வரவில்லை. வந்தாலும் புதிதாகப் பதினெட்டு வயதானவர்களுக்குத்தான் இடம் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

இவ்விழாவுக்கு அம்சவல்லியை அழைக்க அவள் வீட்டுக்கும் போனோம். ராஜாம்பாள் எங்களுக்கு மோர் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கூட்டிகினு வர்றதுக்கு எனக்கு ஆசைதாங்க. டீச்சருன்னா அவளுக்கு உசுரு. ஆனா நல்ல துணி உடுத்தி பஸ்ஸு ஏத்தினா, காலேஜிக்குத்தான் போறோம்னு நெனச்சிக்குவா. இல்லன்னு அவகிட்ட யாருங்க சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

அழைப்பிதழை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். அதனால்தான் அம்மா, தாங்கள் காலையிலிருந்து தேடும் முகம் இந்த அரங்கில் இல்லை.

பெருந்தகையீர்! பாராட்டும் தகுதி எங்களுக்கு உண்டா என்று அறியோம். பாராட்டப்படும் தகுதி தங்களுக்கு மலையளவு உண்டு என்பதை மட்டும் நன்கறிவோம். தங்கள் கணவர் நலம் பெற்று நடமாடவும், தங்கள் கால்கள் தளராதிருக்கவும், தங்கள் உறக்கம் அமைதியாக இருக்கவும், நூறாண்டு நோயின்றித் தாங்கள் வாழவும் இறைவனை இறைஞ்சுகிறோம். கல்லூரியின் பதில் எதுவானாலும், அதை முதலில் தங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து தங்கள் கையில் தருவோம். இம்முறை மேசைமேல் வைக்க மாட்டோம்.

கடன்பட்ட நெஞ்சுடன்,
தங்கள் உடன் பணியாற்றிய
ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆயாக்கள்
நெய்வேலி
31.05.2018