போர்வையின் மறுபாதி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வட்டாரத் தலைவர் அவர்களே! தொப்பியைக் கழற்றாமலே தூங்கும் கலை அறிந்த ஊர்ப் பெரியவர்களே! சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக முன்வரிசை முழுவதையும் முற்றுகையிட்டிருக்கும் தேவாலயத் தாய்மார்களே! அண்டாவுக்குப் பின்னால் அகப்பை பிடித்து, சோளக்களியையும் கிண்டி, என்னையும் கிண்டல் செய்துகொண்டிருக்கும் அன்னையரே! மலையைப் பொடியாக்கி அந்தப் பொடியைத் தலையில் பூசிக்கொண்டு வந்திருக்கும் சிற்பிகளே, கல் உடைக்கும் தோழர்களே! தலைநகர் ஹராரேயிலிருந்து பளபளக்கும் காலணியோடு வந்து, எங்கள் செம்மண்ணிடம் அந்தப் பளபளப்பைப் பறிகொடுத்துவிட்ட விருந்தினர்களே! உங்கள் அனைவருக்கும், எங்கள் வழக்கப்படி கைகளைக் குவித்துத் தட்டி வணக்கம் சொல்கிறேன்.

நான் டாப்சன். லாரிக்காரன். மலையிலிருந்து சிற்பியின் முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து விமான நிலையத்துக்கும் கல் சுமப்பவன். கல்லைச் சுமந்தவனுக்குச் சொல்லைச் சுமக்கத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? அதோ, அண்டாப் பக்கத்திலிருந்து பதிலே வந்துவிட்டது: "அவனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்!" நன்றி தாயே, நன்றி.

மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, பார்த்தீர்களா? அது யாருடைய நாற்காலி? இன்றைய விழாவின் நாயகியுடைய நாற்காலி! இந்தச் சந்தை வாசலில், துணி போர்த்தி நிற்கும் சிற்பத்தைச் செதுக்கிய ஷமிசோவின் நாற்காலி! நாயகி எங்கே? நாயகி களி கிண்டுகிறார். ஐந்து நாட்டுக் கண்காட்சிகளுக்குச் சிற்பம் செதுக்கி அனுப்பிய கை, இன்று அகப்பையை விட மறுக்கிறது. ஏன்? இரண்டாம் வரிசையில் தன் காலணியையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த ஜைரோஸ், அவளுடைய அண்ணன், அவர்தான் காரணம்.

துணியை விலக்க வேண்டியவர் குடும்பத்துக்கு மூத்தவர். அது வழக்கம். "அவரு கை அந்தத் துணி மேல பட்டா நான் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்" என்கிறாள் தங்கை. "அவ வாயால கூப்பிடாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்கிறார் அண்ணன். ஆகவே, அன்பர்களே, இப்போதைக்கு நாம் ஒரு துணியைத் திறந்து வைக்கக் கூடியிருக்கிறோம்.

ஹராரே விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள். பெரிய கலைஞரின் வீட்டுச் சண்டையை மேடையில் சொல்லலாமா என்கிறார்கள். நான் சொல்லலாம். நான் அந்தக் குடும்பத்தின் சஹ்விரா! என் அப்பன் அவர்கள் அப்பனைக் கேலி செய்தான், என் பாட்டன் அவர்கள் பாட்டனைக் கேலி செய்தான். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் இறந்தவரைப் போல நடித்துச் சிரிக்க வைப்பவனும் நான்தான், சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பவனும் நான்தான். நான் என்ன சொன்னாலும் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஒரு பதவி உங்கள் நகரத்தில் உண்டா?

இந்த ஷமிசோ சிற்பியான கதை உங்களுக்குத் தெரியுமா? சிற்பிகளுக்குத் தக்காளி விற்க வந்தவள் இவள். தக்காளி விற்கும் நேரத்தில் காலடியில் கிடந்த கல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள். ஒரு நாள் முற்றத்தில் முதல் சிற்பம் எழுந்தது. என்ன சிற்பம்? ஆந்தை! நம் ஊரில் ஆந்தை! சூனியக்காரிகள் வளர்க்கும் பறவையை ஒரு பெண் தன் வாசலில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஊரே திரண்டு போனது. முதல் ஆளாகப் போனவர் யார்? பெரியவரே, தூங்குவது போல் நடிக்காதீர்கள், நீங்கள்தான்!

"ஏ பொண்ணே, என்ன இது?" என்று இவர் அதட்டினார்.

"உருளைக்கிழங்கு தாத்தா" என்றாள் அவள்.

"கிழங்குக்கு ஏன் ரெண்டு கண்ணு?"

"கிழங்குக்குக் கண்ணு இருக்கும் தாத்தா. முளை விடுற இடம். நீங்க பயிர் வச்சதே இல்லையா?"

பெரியவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், சரி என்று போய்விட்டார். அந்த வாரமே ஒரு வெளிநாட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் கடல் கடந்த ஒரு கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், 'உருளைக்கிழங்கு' என்ற பெயர்ப் பலகையோடு நம் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. கைதட்டுங்கள்! ஆந்தைக்கு அல்ல, அவள் வாய்க்கு!

எலாண்டு மான் குலத்துப் பெண்ணல்லவா! 'சிஹேரா' என்று அழைக்கப்படும் அந்தப் பெண்களிடம் யாராவது வாய் கொடுத்து மீண்டதுண்டா? அந்தக் குலத்தில் பெண்ணெடுத்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், ஒருவர் தூக்கினார், பக்கத்திலிருந்த மனைவி இறக்கிவிட்டார்.

அவள் பாணி என்ன பாணி? கல்லின் ஒரு பக்கம் கழுவி வைத்த கருஞ்சட்டி போல மின்னும். மறுபக்கம், மலையிலிருந்து வந்தபடியே, சொரசொரவென்று, பழுப்பேறிக் கிடக்கும். உளியே படாது. ஒரு முறை லாரியில் ஏற்றும்போது நானே கேட்டேன்: "ஏம்மா, பாதி வேலையை விட்டுட்டியே, சோம்பேறித்தனமா?"

"முழுசா மினுக்கிட்டா வழுக்கும். நீ கீழே போட்டுடுவே" என்றாள். நான் முறைத்தேன். அப்புறம் கல்லின் சொரசொரத்த முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "விளையாட்டுக்குச் சொன்னேன். ஊர் ஊராப் போற பிள்ளை. எங்கிருந்து வந்தோம்னு அதுக்கு ஞாபகம் இருக்கணும்ல?" அன்றைக்கு அந்தக் கல்லை நான் குழந்தையைப் போல ஏற்றினேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். தேவாலயத் தாய்மார்களே, இந்த இடத்தில் பீர் வருகிறது, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பொத்தவில்லையா? நல்லது.

சில வருடங்களுக்கு முன் அவள் ஒரு பெரிய கல்லைச் செதுக்கினாள். ஒரே போர்வைக்குள் ஒரு பையனும் ஒரு சிறுமியும். யார் அந்தப் பையன், யார் அந்தச் சிறுமி என்று நான் சொல்ல வேண்டுமா? அப்பா கனிமச் சுரங்கத்தில் இருந்த காலம். எங்கள் ஜூலை மாதக் குளிர்காலம். வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே போர்வை. அந்தப் போர்வையைத்தான் அவள் கல்லில் நெய்தாள். அந்தக் கல்லோடு அவளும் வெளிநாடு போவதாக இருந்தது. அவள் பெயருக்கென்றே ஒரு தனிக் கண்காட்சி! பயணச்சீட்டும் வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் கல்லைச் சுற்றி நெருப்பு மூட்டி, சூடேற்றி, மெழுகு தேய்க்கிறாள். சூட்டில்தானே மெழுகு உள்ளே இறங்கும், நிறம் வெளியே வரும்? அந்த நேரம் பார்த்துக் கேழ்வரகு பீர்ப் பானையோடு வந்தார் அண்ணன். தங்கை கடல் கடந்து போகிறாள், அந்தக் கல்லின் மேல் முன்னோருக்கு ஊற்றி வழியனுப்ப வேண்டும் என்ற ஆசை. ஆசையில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

"அண்ணா, கல்லு கொதிக்குது. ஆறட்டும், அப்புறம் ஊத்தலாம்."

"உன் கல்லு ஆறுற வரைக்கும் நம்ம முன்னோருங்க காத்துக்கிட்டு நிக்கணுமா?"

"அவங்க நிப்பாங்கண்ணா. கல்லுதான் நிக்காது!"

ஊற்றினார். குளிர்ந்த பீர், கொதிக்கும் கல். படீர்! ஆடுகள் ஓடின, கோழிகள் பறந்தன, அண்ணன் தொப்பி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். போர்வை நட்டநடுவே பிளந்தது. பையன் தனி, சிறுமி தனி.

அப்போதாவது ஒரு வார்த்தை, மன்னித்துக்கொள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயந்துபோன மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ போறதுல முன்னோருக்குச் சம்மதமில்ல."

அவள் அழவில்லை. "முன்னோரு மேல பழி போடாதேண்ணா. ஊத்தினது உன் கை" என்றாள். பயணம் நின்றது. பேச்சும் நின்றது. பீர் பட்டு உடைந்தது பெண் வீட்டு முற்றத்தில் கிடக்கக் கூடாது என்று சொல்லிப் பையன் பாதியை அண்ணன் எடுத்துக்கொண்டு போனார். ஒரே ஓடைக்கு இந்தக் கரையில் அவள், அந்தக் கரையில் அவர், நடுவில் நான்! "உன் சிநேகிதிகிட்டச் சொல்லு, அவ ஆடு என் சோளத்தைத் தின்னுடுச்சு." "அவருகிட்டச் சொல்லு, ஆட்டுக்கு முன்னோர் சம்மதம் இருந்துச்சாம்." கல் சுமந்து வளையாத என் முதுகு, அன்பர்களே, இந்தச் சேதிகளைச் சுமந்து வளைந்தது.

சென்ற மழைக்காலத்தில் ஜைரோஸின் மனைவி என்னிடம் ஓடி வந்தார். "சஹ்விரா, இவரு டப்பா டப்பாவா, சிமெண்டுத் தரைக்குத் தேய்க்கிற மெழுகு வாங்குறாரு. எங்க வீட்டுத் தரை மண்ணுத் தரை! எவளோ ஒருத்தி சிமெண்டுத் தரை போட்டு உக்காந்திருக்கா. கண்டுபிடிச்சுக் குடு!"

கண்டுபிடித்தேன். ஜைரோஸ், காலணியைப் பார்த்தது போதும், என்னைப் பாருங்கள். ஒரு விடியற்காலையில் பின்னாலேயே போனேன். அவர் போனது எந்தச் சிமெண்டுத் தரைக்கும் அல்ல, தன் சோளக் களஞ்சியத்துக்கு. மூட்டைகளுக்கு நடுவே பாதிப் போர்வையோடு நின்றது கல் பையன். இவர் தன் சட்டையைக் கழற்றி அதனாலேயே மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே கல்லிடம் பேசினார்: "அவளுக்குக் குளிருமேடா. போர்வையில பாதி உங்கிட்டதானே இருக்கு."

நான் இருமினேன். திரும்பிப் பார்த்து, "யாருகிட்டயும் சொல்லிடாதேப்பா" என்றார்.

சொல்லவில்லை. இந்த நிமிடம் வரை சொல்லவில்லை. இப்போதும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாரிடமும்தான் சொல்கிறேன்!

சிஹேராவே! அகப்பையை ஓங்காதே, உன் முறையும் வருகிறது. துணிக்குள் இருப்பது என்ன என்று இந்த ஊருக்குத் தெரியாது. ஏற்றி வந்த எனக்குத் தெரியும். அந்தச் சிறுமிதான்! பீடத்தில் அவளை ஓரமாக நிறுத்தி, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடத்தை ஏன் காலியாக விட்டாய்? நான் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "சும்மாதான், கோழி உக்காரட்டும்." கோழிக்கா, ஷமிசோ? கோழிக்காகவா அந்த இடத்தை உன் கையாலேயே கொத்திச் சமன் செய்தாய்?

என் லாரி அதோ புளியமரத்தடியில் நிற்கிறது. பின்னால் தார்ப்பாய்க்குள் இருப்பது சிமெண்டு மூட்டை அல்ல. இன்று காலை ஜைரோஸே ஏற்றிவிட்டார். "அவ கேட்டா மட்டும் இறக்கு. கேக்கலேன்னா திருப்பிக் கொண்டாந்துடு" என்றார். கேட்பாளா? கேட்காமல் போவாளா? இவ்வளவு பெரிய மலையைப் பேச வைத்தவளுக்கு ஒரு சொல் கிடைக்காதா?

அமைதி... அமைதி, அன்பர்களே. அகப்பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. வருகிறாள். வழி விடுங்கள். என்னம்மா சொன்னாய்? உரக்கச் சொல், பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

"எந்திரிண்ணா" என்கிறாள்!

எழுந்துவிட்டார்! தாய்மார்களே, குலவை! துணியை விலக்குங்கள், ஒரு முனை அவருக்கு, ஒரு முனை அவளுக்கு. கல் உடைக்கும் தோழர்களே, கயிற்றை எடுங்கள், பையனை இறக்குங்கள், மெதுவாக, மெதுவாக! வையுங்கள். ஒட்ட வேண்டாம், பூசவும் வேண்டாம். விரிசல் விரிசலாகவே இருக்கட்டும். போர்வை இரண்டு பக்கமும் வந்து நிற்கிறது பாருங்கள்!

பொறுங்கள். அவள் கட்டைவிரலால் பையன் தோளைத் தேய்த்துப் பார்க்கிறாள். ஏதோ சொல்லப் போகிறாள்.

"மெழுகு ஜாஸ்திண்ணா."

"பீரு ஜாஸ்தியானதுக்கு இது தேவலைம்மா."

இதற்கு மேல் பேச எனக்கு என்ன இருக்கிறது? இனி என் முதுகு கல் மட்டும் சுமக்கும். பொறுமை காத்த தலைவருக்கும், காதைப் பொத்தாத தாய்மார்களுக்கும், உருளைக்கிழங்கை ஒப்புக்கொண்ட பெரியவருக்கும் நன்றி. யாராவது ஓடிப் போய் அந்த அண்டாவைக் கிண்டுங்கள், களி அடிபிடிக்கிறது. வணக்கம்!