உடைக்காத கோப்பை

எழுபதுகளின் கடைசியில், வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு லாரி ஓட்டுநரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கான்பூர்ல டீ குடிச்சதும் கோப்பைய ஒடச்சிடுவாங்க.”

“இன்னாய்யா, கதை வுடற?”

“மண் கோப்பைடி. அங்க பனியில எதிர் லாரி வெளக்கு எலுமிச்சம்பழமாட்டம்தான் தெரியும். அந்தக் குளிர்ல கைக்கு சூடா இருக்கும்.”

“நான் எங்க அதெல்லாம் பாக்கப் போறேன்?”

அவர் துண்டில் சுற்றி வைத்திருந்த மண் கோப்பையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை முகர்ந்து பார்த்தாள்.

“அடுத்த லோடுக்கு நானும் வர்றேன்.”

“கிளீனர் எங்க குந்துவான்?”

“அவன உங்கம்மாண்ட வுட்டுட்டு வா.”

தோல் வியாபாரத்துக்காக நானும் பலமுறை கான்பூர் போனவன். அந்தக் கோப்பைகளை நானும் உடைத்திருக்கிறேன். என் மனைவி இருந்தவரை, ஒவ்வொரு முறையும், “அந்த ஊர் எப்படிங்க இருக்கும்?” என்று கேட்பாள்.

“ஊர்தான்” என்பேன்.