யாரும் எழுந்து போகாத பாட்டு

இன்ஸ்பெக்டர் முனீரா அவர்களே, பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெயர் சிலுவைராஜ். வயது எழுபத்தாறு. செங்காங்கில் வீடு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

என் அக்கா மகன் லியோனல், ஜூரோங்கில் கப்பல் பட்டறை வெல்டர். பதினொரு வருடமாக ஒரே ஒரு பாட்டைச் செய்துகொண்டிருந்தான். நாற்பத்தேழு நிமிடம். புரோக்ரெசிவ் ராக் என்பார்கள். தாளம் ஏழில் கிளம்பும், பதினொன்றுக்குப் போகும், வீடு திரும்ப நேரமாகும். அவன் குழு எங்கே வாசித்தாலும் பாதியிலேயே கூட்டம் சாப்பிடப் போய்விடும்.

"மாமா, இந்த வாட்டியும் யாராச்சும் நடுவுல எழுந்து போனா கீபோர்ட வித்துருவேன் லா," என்றான்.

"வாங்குறவனும் பாதியில எழுந்து போயிடுவான்," என்றாள் அவன் மனைவி லொரைன்.

அவன் சிரிக்கவில்லை. அப்போதே நான் தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாடுகளின் வாசகம் மிக நீளம். ஜனங்கள் நைசாக நழுவுவார்கள். முப்பது வருடமாக அன்றைக்குக் கதவைப் பூட்டி நிற்பவன் நான். ஒருவரும் செத்ததில்லை. அந்தப் பூட்டைத்தான் லியோனல் வாசிக்கும் இடத்துக்கு, தேக்காவுக்குக் கொண்டுபோனேன்.

கடைவீட்டு மாடி. எழுபது நாற்காலி. பின்வாசலை ஸ்பீக்கர்கள் அடைத்திருந்தன, முன்கதவு ஒன்றுதான் வழி. பாட்டு தொடங்கியதும் பூட்டினேன்.

அற்புதமான பாட்டு. இருபதாவது நிமிடத்தில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை வந்தது. மேடைப் புகை என்று கைதட்டினார்கள். பிறகு இருமினார்கள். இருமல்கூட ஏழுக்குச் சரியாக விழுந்தது. ஒரு பெண் கதவைத் தட்டி, "அங்கிள், விளையாடாதீங்க, தொறங்க லா," என்றாள். பெரிய வெள்ளியிலும் இப்படித்தான் கேட்பார்கள். விட்டுக்கொடுத்தால் பழகிவிடும்.

தீயணைப்பு வீரர்கள் கதவை உடைத்தபோது கடைசிச் சுரம் முடிந்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. பதினான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கவனியுங்கள், தூக்கிக்கொண்டு. எழுந்து போனவர் எவருமில்லை.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. நாளைக்கு வாசித்தாலும் பூட்டுவேன். லியோனல் இன்னும் கண் திறக்கவில்லை என்றார்கள். திறந்ததும் சொல்லுங்கள், கீபோர்டை விற்க வேண்டாம், கடைசிவரை மாமா கேட்டார் என்று.

எழுதிக்கொள்ள வேறென்ன வேண்டும். அந்தக் கதவுக்குக் கொண்டி வெளிப்பக்கம்தான். புகை ஜன்னலில் தெரிந்தது, பாட்டும் இருமலும் தட்டலும் தெருவுக்கே கேட்டன. பூட்டிய கையோடு நான் படியிறங்கி, எதிர்க்கடையில் தே தாரிக் டீ குடிக்கப் போய்விட்டேன்.