பிரேக்கை அமுக்கினா நிக்கிற சத்தம்

இருங்க, இருங்க... கைத்தட்டலை அப்புறம் வெச்சுக்கலாம். பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லாம என்னால இதுக்கு மேல பேச முடியாது!

ஏற்காட்டுல வீரபத்ரன்னு ஒருத்தர். பையனுக்கு, மலைக்குக் கீழே சேலத்துல நிச்சயதார்த்தம். பையன் முன்னாடியே போயாச்சு. இவரு காரை ஓட்டுறாரு, பக்கத்துல சம்சாரம் செண்பகவல்லி, பின் சீட்டுல அக்கா அங்கம்மா. அக்காவைச் சுத்தி என்ன? தட்டு! பழத்தட்டு, பூத்தட்டு, புடவைத் தட்டு... பொண்ணுக்குப் போடுற செயின் மட்டும் செண்பகவல்லி மடியில பத்திரமா இருக்கு.

மலைப்பாதை இறக்கம் ஆரம்பிச்சது... சத்தமும் ஆரம்பிச்சது. கடகட கடகட கடகட!

"அக்கா! அந்தத் தட்டையெல்லாம் கொஞ்சம் புடியேன்! என்ன இந்த ஆட்டம் ஆடுது!"

"அட போடா! புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்? எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

பாவம் அக்கா... தட்டுக்கு நடுவுல துண்டைச் சொருகுச்சு, போத்தியிருந்த சால்வையையும் எடுத்துச் சொருகுச்சு. சத்தம் போச்சா? போகலையே! கடகட கடகட!

அப்ப செண்பகவல்லி மெதுவா வாயைத் தொறந்தாங்க. "ஏங்க... சத்தம் முன் சக்கரத்துல இருந்து வருதுங்க. நீங்க பிரேக் புடிக்கிறப்ப மட்டும் நின்னுருது, காலை எடுத்தா மறுபடி வருது. பிரேக்கை ஒரு தடவை பாத்துருங்களேன்."

வந்துச்சே கோவம் வீரபத்ரனுக்கு! "பிரேக் புடிச்சா சத்தம் நிக்குதுன்னு நீயே சொல்ற. அப்ப பிரேக் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? உனக்கு என்ன தெரியும்? சும்மா வா!"

எப்படி நியாயம், பாத்தீங்களா? சிரிக்கிறீங்க... அந்த சீட்டுல நீங்க உக்காந்திருந்தா நீங்களும் இதத்தான் சொல்லியிருப்பீங்க. ஆமாவா, இல்லையா?

அந்தம்மா வாயை மூடிக்கிட்டாங்க. கார் இறங்குது. ஒரு வளைவு... அமுக்குறாரு, அமைதி. காலை எடுக்குறாரு... கடகட! அடுத்த வளைவு... அமுக்குறாரு, அமைதி. "பாத்தியா? பாத்தியா? எப்படி கப்சிப்னு ஆயிருது!"ன்னு பெருமை வேற! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சத்தம் ஏறிக்கிட்டே போவுது. மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது, ஆனா வண்டிய நிறுத்த மாட்டேங்கிறாரு!

செண்பகவல்லி சொன்னாங்க... கத்தலை, அழலை. "காரை ஓரங்கட்டுங்க. நான் நடந்தே வர்றேன். செயின் என் கையில இருக்கு. நான் வந்து சேர்ந்தாதான் நிச்சயம்."

பின்னாடியிருந்து அக்கா, "டேய் தம்பி, நானும் இறங்குறேன்டா!"

என்ன பண்ணுவாரு? நிறுத்தினாரு! சமமான இடமாப் பாத்து, கல்லு அண்டக் கொடுத்து, ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கழட்டினாரு. பிரேக் கட்டையைப் புடிச்சு நிறுத்துற பாகம் இருக்கே, கேலிப்பர்... துணியால புடிச்சு ஆட்டிப் பாத்தாரு. ஐயோ, ஆடுது! ரெண்டு போல்ட் இருக்கணும். ஒண்ணு ஆளையே காணோம். இன்னொண்ணு இப்ப விழவா, அப்புறம் விழவான்னு தொங்குது!

பிரேக் புடிச்சா அந்த அழுத்தத்துல இறுகி நிக்கும், சத்தம் வராது. காலை எடுத்தா ஆடும். அவ்வளவுதான் சங்கதி. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா...? வேண்டாம், நல்ல காரியத்தைப் பேசுறப்ப அதை நான் சொல்லலை.

சரி, யாரு மாட்டுன போல்ட் அது? மெக்கானிக்கா? இல்லைய்யா! அன்னைக்குக் காலையில புது பிரேக் கட்டை மாட்டுனது நம்ம வீரபத்ரனேதான்! போல்ட்டைக் கையால முடுக்கிட்டு ஸ்பானரை எடுக்கப் போறாரு... "ராகு காலம் வரப்போவுதுடா! எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்துடா!"ன்னு அக்கா குரல். அவசர அவசரமா சக்கரத்தை மாட்டி, பழத்தை நசுக்கி, கற்பூரம் காட்டிக் கிளம்பியாச்சு. ஸ்பானர் வாசல்லயே கெடக்கு!

அப்புறம் என்ன, காரை அங்கயே விட்டுட்டு அந்த வழியா வந்த பஸ்ல ஏறினாங்க. வீரபத்ரன் தலையில பழத்தட்டு! நிக்கக்கூட இடமில்லாத அந்தக் கூட்டத்துல சம்சாரத்துகிட்ட சொன்னாரு, "தப்புதான் செண்பகம். ஆனா நடுவுல கொஞ்ச நேரம் நீ ஒண்ணுமே சொல்லலையே... உனக்குப் பயம் தெளிஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன்."

அந்தம்மா திரும்பிப் பாத்தாங்க. "நீங்க அதட்டுனீங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். பயம் எங்க போச்சு? வயித்துக்குள்ளயேதான் இருந்துச்சு."

கேட்டீங்களா? வீட்டுக்கு வீடு இதானய்யா நடக்குது! பொண்ணு ஏதோ சொல்ல வரும், சம்சாரம் ஏதோ சொல்ல வருவாங்க. "சும்மா இரு"ன்னு ஒரு அமுக்கு! வீடே அமைதி. உடனே நமக்கு நெஞ்சு நிமிந்துருது... "எங்க வீட்ல ஒரு பிரச்சினையும் கெடையாதுங்க!" அமுக்கினா சத்தம் நிக்குதுன்னா, அது சரியாயிருச்சுன்னா அர்த்தம்? கோளாறே அங்கதானய்யா இருக்கு!

கடைசியா யாரைப் பாத்து "சும்மா இரு"ன்னு சொன்னீங்க? யோசிங்க... மூஞ்சி ஞாபகம் வருதா? இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அவங்க பக்கத்துல உக்காருங்க. "அன்னைக்கு நீ என்ன சொல்ல வந்தே?"ன்னு கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க ஒரு வார்த்தை பேசாதீங்க. கேப்பீங்களா? என்ன, ஆம்பளைங்க பக்கம் குரலையே காணோம்... கேப்பீங்களா?